காது கொடுக்கும் காந்தம்

1977 கோடை, மேற்கு பெர்லின். சுவருக்குப் பக்கத்திலேயே இருந்த ஹான்சா ஒலிப்பதிவுக்கூடத்தில் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாடலுக்கு கிடார் வாசிக்க ராபர்ட் ஃபிரிப் வந்திருந்தார். ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் எந்தச் சுரம் அறுபடாமல் நிற்கிறது என்று தேடினார். கிடைத்த இடங்களில் தரையில் நாடா ஒட்டி அடையாளம் வைத்தார். ஒரு சுரத்துக்கு ஓர் இடம், அடுத்த சுரத்துக்குச் சற்றுத் தள்ளி இன்னோர் இடம். பாட்டு ஓடும்போது சுரத்துக்குச் சுரம் இடம் மாறி நின்று வாசித்தார். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி பின்னாளில் இதை விவரித்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பாட்டின் மேல் இழுத்துக் கட்டியதுபோல ஓடும் கிடார் இழையை, ‘ஈபோ’ என்ற மின்வில் கருவியின் வேலை என்றே பலர் நெடுநாள் நம்பினார்கள்.

தகவலாக அது பிழை. ஆனால் ஃபிரிப் ஓர் அறையின் தரை முழுக்க நடந்து செய்ததையும், ஈபோ கைப்பிடிக்குள் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காரியம் என்பது தெரியும். அந்தக் காரியம் எனக்குப் பல வருடங்களாக மனதை விட்டு அகலாத ஒன்று.

முதலில் பெர்லின் தரை. கம்பியின் அதிர்வு ஒலிபெருக்கி வழியாக அறைக்குள் வருகிறது. காற்றில் பயணித்துத் திரும்பவும் அதே கம்பியை வந்து தொடுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். நொடிக்கு 440 முறை அதிரும் சுரத்தின் அலை நீளம் ஏறக்குறைய 78 சென்டிமீட்டர். சரியான இடத்தில் நின்றால், வரும் அலை கம்பி போகும் பக்கமாகவே அதைத் தள்ளிவிடும், சுரம் நிற்கும். அங்கிருந்து 39 சென்டிமீட்டர், அதாவது ஒரு சின்ன எட்டு நகர்ந்தால், அதே அலை எதிர்ப்பக்கமாக வந்து கம்பியை அமுக்கிவிடும். நாடா ஒட்டியதன் காரணம் இதுதான். 1964இல் பீட்டில்ஸ் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டின் முதல் நொடிகளில் ஃபீட்பேக் எனப்படும் இந்தச் சுழற்சியைத் தெரிந்தே இசைத்தட்டில் ஏற்றியிருந்தார்கள். ஃபிரிப் அதற்கு முழக்கோல் பிடித்தார்.

கம்பி ஏன் ஓய்கிறது? வில் இழைக்கும் கருவிக்கும் ஊதும் கருவிக்கும் சக்தி தொடர்ந்து வரும் வருமானம். மீட்டும் கருவிக்கு அப்படியில்லை. விரல் முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகிறது, பிறகு செலவுதான். குதிரை வழியாக மரத்துக்கும், மரம் வழியாகக் காற்றுக்கும், கம்பியின் உள்ளுராய்வு வழியாக வெறும் சூட்டுக்கும் அது போய்க்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் மேற்சுரங்களே முதலில் தீரும். அதனால் சுரம் அடங்குவதற்கு முன்பே மங்கிவிடுகிறது. சாதாரண மரக் கிடாரில் நம் காதில் விழுவது இந்தச் செலவின் ஒரு பங்கு. கேட்கக் கேட்கக் கரைகிறது.

கிடார் கலைஞர் லெஸ் பால் சிறுவனாக இருந்தபோது ஒரு தண்டவாளத் துண்டின் மேல் கம்பியைக் கட்டி, டெலிபோன் ரிசீவரை அடியில் வைத்துக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். இரும்பு அசையாது, கம்பியிடமிருந்து அதிகம் வாங்காது, சுரம் நின்றது. 1940 வாக்கில் அவர் செய்த, நடுவே கனத்த மரக்கட்டை ஓடும் கிடாரின் யோசனையும் அதுவே. கட்டைக் கிடார் செலவைக் குறைத்தது. வரவுக்கு வழி அதில் இல்லை.

வரவுக்கு வழி செய்தவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த கிரெக் ஹீட். 1969இல் அவர் மனதில் உருவான ஈபோ 1976இல் விற்பனைக்கு வந்தது. 1978இல் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமையின் தலைப்பிலேயே அந்தச் சாதனம் அதிர்வைத் தொடங்கிவைக்கும், நீட்டிக்கும் என்று இரண்டு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ‘தொடங்கிவைக்கும்’ என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். கருவி கைக்குள் அடங்கும். அதன் அடிப்பக்கத்துப் பள்ளங்கள் இரண்டு பக்கத்துக் கம்பிகளில் உட்கார்ந்துகொள்ள, நடுவிலிருக்கும் கம்பியை அது தொடாமல் ஆட்டும். உள்ளே இரண்டு காயில்கள், நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்.

ஒரு காயில் கேட்கிறது, இன்னொன்று தள்ளுகிறது. தூளியில் பிள்ளையைப் போட்டு, கயிற்றைக் கையில் பிடித்தபடி பாதித் தூக்கத்தில் ஆட்டும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் எண்ணுவதில்லை, பார்ப்பதும் இல்லை. தூளி எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கயிறு அவள் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது வரும் பக்கமாகவே அவள் மெல்ல இழுக்கிறாள். கேட்பதும் கொடுப்பதும் அதே கயிற்றில். பிள்ளையின் எடை கூடினால் தூளியின் தாளம் மாறாது. கயிற்றின் நீளம் மாறினால் மாறும். அப்போது அவள் கையும் தானாக மாறிக்கொள்ளும். சஸ்டெய்னர் என்ற கருவிக்குடும்பம் முழுவதும் இந்த இரவுநேரக் கைதான். எந்தச் சுரத்தை வாசிக்கப்போகிறோம் என்று அதற்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி சொல்வதை அது கம்பிக்கே திருப்பிக் கொடுக்கிறது.

இதற்கு ஒரு நல்வாய்ப்பு இயற்கையிலேயே இருக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டதன்படி, காயிலில் எழும் மின்னழுத்தம் காந்தப்பாய்வு மாறும் வேகத்தைப் பொறுத்தது. ஆக பிக்கப்பில், அதாவது கேட்கும் காயிலில், வருவது கம்பி எங்கே இருக்கிறது என்ற செய்தியல்ல. எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் போகிறது என்ற செய்தி. ஒரு பொருளுக்குச் சக்தி சேர வேண்டுமானால் விசை அதன் வேகத்தின் பக்கமாகவே இருக்க வேண்டும். கேட்கும் காயில் தருவது சரியாக அந்த வேகம். அதைப் பெருக்கி அப்படியே தள்ளும் காயிலுக்கு அனுப்பினால் போதும். விசை கால் சுற்று பிந்தினால் சக்தி சேராது, சுருதிதான் லேசாக நகரும். அரைச் சுற்று பிந்தினால் சுரம் கொல்லப்படும்.

இன்னொரு நுட்பத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புரிந்தபோது எழுந்து நடக்கத் தோன்றியது. மின்காந்தத்தின் வடக்கு முனையும் இரும்பை இழுக்கும், தெற்கு முனையும் இழுக்கும். மின்னோட்டம் முன்னும் பின்னும் போகும் ஒரு சுற்றில் வெறும் மின்காந்தம் கம்பியை இரண்டு தடவை இழுத்துவிடும். கம்பி ஒருமுறை போய்வருவதற்குள் இரண்டு அழைப்பு. தாளம் கெட்டுவிடும். அதனால் காயிலுக்குள் ஒரு நிரந்தரக் காந்தத்தை வைக்கிறார்கள். அது கம்பியை எப்போதும் கொஞ்சம் இழுத்தபடி இருக்கும். மின்னோட்டம் ஒருபக்கம் போனால் அந்த இழுப்பு கூடும், மறுபக்கம் போனால் குறையும். காந்தத்துக்கு எஃகுக் கம்பியைத் தள்ளத் தெரியாது. ஏற்கெனவே பிடித்திருக்கும் பிடியை இறுக்கவும் தளர்த்தவும் தெரியும். கம்பி தாளத்தோடு ஆட அதுவே போதும்.

நாமே ஒன்று செய்து பார்க்கலாம் என்று ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் எனாமல் செப்புக் கம்பி ஐம்பது கிராம் வாங்கினேன். தேவைப்பட்டது நாலு கிராம்கூட இல்லை. தள்ளும் காயிலுக்கு 8 ஓம் போதும். சுமார் 14 மீட்டர், நூறு சுற்று. கேட்கும் பிக்கப் வேறு சாதி. மயிரிழைக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். கேட்பதற்கு அத்தனை சுற்று, தள்ளுவதற்கு இத்தனை குறைவு என்பது எனக்கு அப்போதே ஒரு செய்தியாகப் பட்டது. காயிலின் சுற்றுகள் தங்களுக்குள் அதிராமல் இருக்க அடுக்குக்கு அடுக்கு ஃபெவிகால் தடவி இறுக்கினேன். எல்எம்386 சிப்பை வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டினேன்.

ஸ்விட்சைப் போட்டதும் ஒரு கிரீச்சிடல். கம்பிகளைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் அது நிற்கவில்லை. அப்போதுதான் விளங்கியது: தள்ளும் காயிலின் காந்தப்புலம் கம்பி வழியாகப் போகாமல் நேரே பிக்கப்புக்குப் போய்விட்டது. கம்பியைக் கேட்க வேண்டிய கருவி தன் குரலையே கேட்டு, அதையே பெருக்கி, மேலும் கேட்கத் தொடங்கிவிட்டது. சஸ்டெய்னர் கட்டுபவர்கள் எல்லோரும் பெரும்பாடு படுவது இதோடுதான். தள்ளும் காயிலைக் கழுத்துப் பக்கமும் கேட்பதைக் குதிரைப் பக்கமும் வைத்து இடைவெளி விடுவது, வெளிப்புலத்தை ரத்துசெய்யும் இரட்டைக் காயில் பிக்கப்பைப் பயன்படுத்துவது, காயிலை மெல்லியதாகச் சுற்றுவது, ஆம்ப்ளிஃபயரைப் பேராசை இல்லாமல் திருகுவது. நான் மூன்று காயில்களை வீணாக்கினேன். நாலாவதில், மூன்றாம் கம்பி ஓர் இரவு எழுந்து நின்றது.

நிற்பது என்றால் என்ன? வரவும் செலவும் ஒரே அளவாவது. கொடுப்பது குறைந்தால் கம்பி மெதுவாக ஓய்கிறது. கூடினால் வீச்சு வளர்கிறது, ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை முட்டும்வரை. அங்கே அது தானாகச் சமப்படுகிறது. தடித்த கீழ்க்கம்பி நொடிக்கு 82 முறை ஆடும், எளிதில் மசியும். மேலே போகப்போகச் சங்கடம். மெல்லிய கம்பியில் காந்தம் பிடிக்க இரும்பே குறைவு. 22ஆம் ஃப்ரெட்டில் அது நொடிக்கு 1175 முறை ஆடும்போது, காயிலில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பிந்தத் தொடங்கியிருக்கும். தூளி போன பிறகு இழுக்கும் கையைப் போல. இந்தப் பிந்துதலைச் சரிக்கட்டும் மின்சுற்றுகளில்தான் நல்ல சஸ்டெய்னரின் உழைப்பெல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆலன் ஹூவரின் ‘சஸ்டெய்னியாக்’கும் ஜப்பானின் ஃபெர்னாண்டஸும் கிடாருக்குள்ளேயே பதித்த அமைப்புகளில் ஆறு கம்பிகளையும் ஒரே காயில் ஆட்டும். ஆனால் கூட்டுச் சுரமாகப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வலுத்த கம்பி மற்றவற்றின் பங்கையும் எடுத்துக்கொண்டுவிடும்.

பிந்துதலைப் பகையாகவே பார்க்கவும் வேண்டாம். தள்ளும் காயிலின் இணைப்பைத் திருப்பிப் போட்டால் அடிச்சுரத்துக்கு எதிராகவும், ஏதாவது ஒரு மேற்சுரத்துக்குச் சாதகமாகவும் விசை அமையும். பிடித்த ஃப்ரெட் அதே, விரல் அதே. சுரம் மட்டும் மெல்ல மெல்ல மேலே ஒரு ஸ்தாயிக்கோ அதற்கும் மேலேயோ திறந்துகொள்ளும். கம்பிக்குள் முதலிலிருந்தே இருந்து, முதலில் தீர்ந்துபோகும் அந்த மேற்சுரம், இப்போது மிஞ்சி நிற்கிறது.

இரும்பை அதன் தாளத்திலேயே ஆட்டும் யோசனை கிடாருக்கு முந்தியது. பழைய வீடுகளின் மின்மணி தன் மின்சுற்றைத் தானே அறுத்து அறுத்து இணைத்துத்தான் அடிக்கும். 1863இல் வெளியான தன் ஒலியியல் நூலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், மின்காந்தங்களால் இசைக்கவைகளை ஓயாமல் அதிரவைத்து மனிதக் குரலின் உயிரொலிகளைக் கட்டியெழுப்பிய சோதனைகளை எழுதினார். 1909இல் பாஸ்டனில் மெல்வின் செவரி காட்டிய ‘கோரல்செலோ’, பியானோவின் கம்பிகளைச் சுத்தியலால் அடிக்காமல் மின்காந்தத்தால் பாடவைத்தது.

இப்போது ‘தொடங்கிவைக்கும்’ என்ற சொல். ஈபோவைக் கம்பிமேல் வைத்தால், மீட்டவே வேண்டாம். முழுக்க அசையாமல் இருக்கும் கம்பி உலகில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் எப்போதும் இருக்கும். கருவி அதைக் கேட்டுவிடுகிறது. திருப்பிக் கொடுக்கிறது, மறுபடி கேட்கிறது. ஒரு நொடிக்குள் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு சுரம் மேலே வருகிறது. நம் காது ஒரு கருவியை இன்னது என்று அடையாளம் காண்பதில் தொடக்க ஓசைக்குப் பெரிய பங்கு உண்டு. நகம் படும் அந்தச் சின்னக் கீறல் போய்விட்டால் கிடார் கிடாராக இருப்பதில்லை. புல்லாங்குழலா, செல்லோவா என்று காது தடுமாறும். நீண்டு நிற்பதைவிட இது பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். சஸ்டெய்னரை ‘முடியாத சுரம்’ என்று விளம்பரப்படுத்துகிறவர்கள் அதன் பாதி மகத்துவத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1980களின் நடுவில் கனடாக்காரர் மைக்கேல் புரூக் தன் கிடாரில் இத்தகைய சஸ்டெய்னர் மின்சுற்றைப் பதித்து ‘இன்ஃபினிட் கிடார்’ என்று பேர் வைத்தார். மூன்றே மூன்று. ஒன்று அவருக்கு, ஒன்று இசைத் தயாரிப்பாளர் டேனியல் லான்வாவுக்கு, ஒன்று யூ2 குழுவின் எட்ஜுக்கு. எட்ஜிடம் வந்தபோது கூடவே நீண்ட இணைப்புக் குறிப்பும் வந்தது. ஒரு வயர் மாறினால் ஷாக் அடிக்கும் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கிடாரைத்தான் 1987இன் ‘வித் ஆர் வித்தவுட் யூ’ பாடலில் கேட்கிறோம். நான்கே நான்கு கூட்டுச் சுரங்கள் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு அது. எல்லையில்லாக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எட்ஜ் அதில் காட்டும் அடக்கம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. சுரங்கள் தூரத்தில் எழுகின்றன, நிற்கின்றன, போய்விடுகின்றன. எப்போது போக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

முன்பு முடிவு கம்பியின் பொறுப்பு. வாசிப்பவர் தொடங்கிவிட்டால் போதும். மரமும் காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சஸ்டெய்னர் வந்ததும் அந்த வேலை வாசிப்பவர் தலையில் விழுந்துவிட்டது. 2008இல் வந்த மூக் கிடாரில், பால் வோ அமைத்த மின்சுற்று கம்பியை நிற்கவும் வைக்கும், விசையைத் திருப்பி நொடியில் அடக்கவும் செய்யும். ஒரே காந்தம் இரண்டையும் செய்தது. இதைத் தாங்கும் பக்குவம் இல்லாத வாசிப்புகளை நிறையக் கேட்டிருக்கிறேன். சுரம் நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. அதற்குள் ஒன்றும் நடப்பதில்லை.

மைக்கேல் புரூக்கின் கதையில் ஒரு சென்னைக்காரர் வருகிறார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். மாண்டலின் என்பது எட்டுக் கம்பிகள் இரட்டை இரட்டையாகக் கட்டிய, ஒலி சட்டென்று விழுந்துவிடும் கருவி. கர்நாடக சங்கீதத்தில் ஒரு மீட்டுக்குள் கம்பியை இழுத்தும் அசைத்தும் கமகம் காட்ட வேண்டும். விரல் அசையும்போது கம்பியில் உயிர் மிச்சம் இருந்தால்தான் அது நடக்கும். மரக் கருவியில் அந்த உயிர் போதவில்லை. அவர் ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின்சார மாண்டலினுக்கு மாறினார். ஃபிரிப் தரையில் ஒட்டிய நாடா, ஹீட்டின் கைப்பெட்டி, புரூக்கின் ஆபத்தான வயர்கள், ஸ்ரீநிவாஸின் ஐந்து கம்பிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது ஒரே பசி. ஆனால் ஸ்ரீநிவாஸுக்கு நீளம் எதற்கு வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்திருந்தது. அவர் கேட்டது நிற்கும் சுரத்தை அல்ல. நிற்கும் நேரத்துக்குள் அசைவதற்கு ஓர் இடத்தை.

புரூக்கும் ஸ்ரீநிவாஸும் சேர்ந்து உருவாக்கிய ‘ட்ரீம்’ 1995இல் ரியல் வேர்ல்ட் வெளியீடாக வந்தது. ஸ்ரீநிவாஸ் 2014இல் 45 வயதில் சென்னையில் காலமானார். அந்த இசைத்தொகுப்பைத் தேடிப் பிடித்து ஒருமுறை கேளுங்கள். சுரங்கள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை, ஒவ்வொன்றும் எங்கே விடப்படுகிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள்.